கல்லில் பெயர் இல்லாதவர்கள்

உடம்பில் பாதி வெந்து வருகிற ஒருவர், முதல் சில மணி நேரம் நன்றாகவே பேசுவார். பெயர், ஊர், வீட்டு போன் நம்பர் எல்லாம் தெளிவாகச் சொல்வார். "எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர், மொதல்ல அவங்களப் பாருங்க" என்று பக்கத்து ஸ்டிரெச்சரைக் காட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆழமாக வெந்த இடத்தில் நரம்பு நுனிகளும் சேர்ந்து வெந்துவிடுவதால் அங்கே வலி தெரியாது. கூட வந்தவர்களுக்கு அந்தப் பேச்சு பெரிய ஆறுதல். பிழைத்துக்கொள்வார் என்று வெளியே போய் டீ குடிப்பார்கள். நாங்கள் அதற்குள் இரண்டு கையிலும் டிரிப் ஏற்ற ரத்தக் குழாய் தேடிக்கொண்டிருப்போம்.

வெந்த உடம்பின் ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பித்துவிடும். ரத்தத்தில் இருக்கிற நீர் சதைக்குள் இறங்கி, முகமும் கை கால்களும் அடையாளம் தெரியாமல் வீங்கும். ரத்தம் கெட்டிப்படும், சிறுநீர் நின்றுபோகும். இதைத் தடுக்க ஒரு கணக்கு உண்டு. எடை 60 கிலோ, வெந்தது 40 சதவீதம் என்றால், 24 மணி நேரத்தில் கொடுக்க வேண்டிய திரவம் 9,600 மில்லி. அரை லிட்டர் டிரிப் பாட்டிலாக எண்ணினால் பத்தொன்பது பாட்டிலுக்கு மேல். அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் உள்ளே போயாக வேண்டும். அந்த 8 மணி நேரமும் வார்டுக்குள் வந்த நேரத்திலிருந்து எண்ணுவதில்லை, தீப்பட்ட நிமிடத்திலிருந்து எண்ணுவது. வழியில் இரண்டு மணி நேரம் போய்விட்டால் மிச்சம் ஆறுதான்.

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் நர்சாக என் வேலைக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவள் நான். இந்தோனேசியாவின் பாலித் தீவில் 2002 அக்டோபர் 12 அன்று நடந்த குண்டுவெடிப்பைப் பற்றி எங்கே படித்தாலும் எனக்கு இந்தக் கணக்குதான் முதலில் ஓடுகிறது. குண்டு வைத்தவர்கள் யார், எந்த இயக்கம், எப்படிப் பிடிபட்டார்கள், எப்போது தண்டிக்கப்பட்டார்கள் என்று நிறைய எழுதியிருக்கிறார்கள். 202 பேர் இறந்தார்கள் என்ற வரியோடு பல கட்டுரைகள் முடிந்துவிடும். இறக்காதவர்களுக்கு என்ன ஆயிற்று? காயம் பட்டவர்கள் இருநூறு பேருக்கும் மேல். என் கண் அவர்கள் பக்கம்தான் போகும். வார்டில் இருந்த பழக்கம் அது.

அன்று சனிக்கிழமை. பாலியின் தென்கரையில் கூட்டா என்ற ஊர். அதன் லெகியான் சாலையில் எதிரெதிரே இரண்டு இரவு விடுதிகள். ஒன்று பேடிஸ் பப், மற்றது சாரி கிளப். சாரி கிளப் பாதி திறந்தவெளி. தர்ப்பை போன்ற ஒரு புல்லால் வேய்ந்த கூரை. ஆஸ்திரேலியாவில் ரக்பி, கால்பந்துப் பருவம் முடிந்து, உள்ளூர் அணிப் பையன்கள் கூட்டமாக விடுமுறைக்கு வந்திருந்த நேரம். இரவு 11 மணி தாண்டிச் சில நிமிடங்கள். பேடிஸ் பப்புக்குள் ஒருவன் தன் மேல் கட்டியிருந்த குண்டை வெடிக்கச் செய்தான். உள்ளே இருந்தவர்கள் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். அப்படி ஓடிவருவார்கள் என்று தெரிந்துதான் தெருவில் ஒரு வெள்ளை மிட்சுபிஷி வேன் நிறுத்தப்பட்டிருந்தது. சில நொடிகளில் அது வெடித்தது. ஏறக்குறைய ஒரு டன் எடை. பொட்டாசியம் குளோரேட், கந்தகம், அலுமினியத் தூள். நம் ஊர்ப் பட்டாசு ஆலைக்காரர்களுக்கு அந்நியமான பெயர்கள் இல்லை. அலுவலகத்தில் கோப்பு வைக்கிற பிளாஸ்டிக் அலமாரிகளில் அவற்றை அடைத்து வேனுக்குள் ஏற்றியிருந்தார்கள். கிட்டத்தட்ட அதே நேரத்தில் பாலியின் தலைநகரான டென்பசாரில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு வெளியே மூன்றாவதாக ஒரு சிறு குண்டு வெடித்தது. அதில் உயிர்ச்சேதம் இல்லை.

தெருவில் பள்ளம் விழுந்தது. மின்சாரம் போயிற்று. புல் கூரை பற்றிக்கொண்டு உள்ளே இருந்தவர்கள் மேல் இறங்கியது. முன்வாசல் முழுக்க நெருப்பு. பின்சுவர் ஏறிக் குதித்தவர்கள் தப்பினார்கள்.

குண்டுவெடிப்பில் வருகிற தீக்காயமும் அடுப்படியில் வருகிற தீக்காயமும் ஒன்றல்ல. புடவையில் தீப்பிடித்து வருகிற பெண்ணுக்குத் தோலும் மூச்சுக்குழலும்தான் பிரச்சினை. குண்டில் சிக்கியவருக்கு அதோடு காற்றழுத்தம் சேர்ந்துகொள்கிறது. காதுச் சவ்வு கிழியும். வெளியே கீறல்கூட இல்லாமல் நுரையீரலுக்குள் ரத்தம் கசியும், குடல் ஓட்டையாகும். கண்ணாடி, தகரம், மரச் சிலாகை எல்லாம் உடம்புக்குள் இருக்கும். வெந்த தோலைத் துடைக்கிற கை, உள்ளே எங்கே இரும்பு இருக்கிறது என்றும் தேட வேண்டும். ஒரே ஆளுக்குத் தீக்காய மருத்துவர், எலும்பு மருத்துவர், வயிற்று அறுவை மருத்துவர், காது மருத்துவர் நான்கு பேரும் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே ராத்திரியில் வந்து இறங்கினால் எந்த ஆஸ்பத்திரி தாங்கும்?

டென்பசாரின் சங்லா மருத்துவமனைக்குத்தான் அத்தனை பேரும் வந்தார்கள். ஆம்புலன்ஸில் வந்தவர்களைவிட, யார் யாரோ டாக்ஸியிலும் லாரியிலும் பைக்கிலும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தவர்கள் நிறைய. கட்டில் தீர்ந்து தரையில் படுக்க வைத்தார்கள். டிரிப் பாட்டில், கட்டுத்துணி, வலி மருந்து எல்லாம் குறைந்தன. வெளிநாட்டிலிருந்து சுற்றுலா வந்தவர்கள், அங்கேயே குடியிருக்கிறவர்கள் என்று முன்பின் தெரியாத ஆட்கள் வந்து நின்று, காயம் பட்டவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், பெயர்களை எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் வார்டில் முன்னதாகவே கட்டில் ஒதுக்கி, திரவம், களிம்பு, கட்டு எல்லாம் எண்ணி அடுக்கிவைப்போம். அந்த வருடம் தீபாவளி நவம்பர் 4. அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்தச் செய்தி பேப்பரில் வந்தது. வருவது தெரிந்து தயாராக இருக்கிற எங்களுக்கே அந்த ராத்திரி முடிவதற்குள் கை கால் விட்டுப்போகும். சங்லாவின் நர்சுகளுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. அந்தப் பெண்களைப் பற்றி விரிவாக யாராவது எழுதியிருக்கிறார்களா என்று நான் இன்னும் தேடுகிறேன்.

கூட்டாவில் பக்கத்து ஓட்டல்களின் நீச்சல் குளங்களில் காயம் பட்டவர்களை இறக்கி நிறுத்தினார்கள் என்பதைப் படித்தவர்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். முதலுதவியாக அது சரிதான். வெந்த இடத்தைக் குளிர்ந்த நீரில், குழாய் நீர் ஓடினால் இன்னும் நல்லது, இருபது நிமிடம் காட்டினால் சூடு உள்ளே இறங்குவது நிற்கும், வலி குறையும். மேலே பேஸ்ட், மஞ்சள், மாவு, இங்க் எதுவும் போடக் கூடாது. ஐஸ் கட்டியை நேராக வைக்கக் கூடாது. இதை எத்தனை தாய்மார்களிடம் சொல்லியிருக்கிறேன்! ஆனால் உடம்பில் பெரும்பகுதி வெந்தவரை நெடுநேரம் நீரில் வைத்தால் உடல் சூடு இறங்கிவிடும், திறந்த புண்ணில் கிருமி ஏறும். அன்று ராத்திரி கூட்டாவில் இருந்தவர்கள் கையில் அது ஒன்றுதான் இருந்தது. இருந்ததை வைத்து அவர்கள் செய்தது நல்ல வைத்தியம்.

மறுநாள் காயம் பட்டவர்களை ஏற்றிப்போக ஆஸ்திரேலிய விமானப்படையின் ஹெர்குலிஸ் விமானங்கள் வந்தன. டென்பசாரிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம் ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர், சென்னையிலிருந்து டெல்லி போகிற தூரம். புறப்படுவதற்கு முன்பே விமான நிலையத்தில் சிலருக்குக் கையிலும் காலிலும் நீளமாகக் கீறிவிட வேண்டியிருந்தது. கேட்கப் பயங்கரமாக இருக்கும். கையைச் சுற்றி வளையம்போல வெந்த தோல் விறைத்து, உள்ளே வீங்குகிற சதையை நெரிக்கும். ரத்த ஓட்டம் நின்று விரல்கள் கறுக்கும். நெஞ்சைச் சுற்றி அப்படி ஆனால் மூச்சே விட முடியாது. செத்த தோலை நீளவாக்கில் வெட்டிவிட்டால் சதை விரிந்து ரத்தம் ஓடும். சின்ன வேலை, கையைக் காப்பாற்றுகிற வேலை. நேரத்தில் செய்ய வேண்டும்.

ராயல் டார்வின் மருத்துவமனை பெரிய நகரத்து ஆஸ்பத்திரி இல்லை. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அடுத்தடுத்து வந்து இறங்க, அங்கே நிலைப்படுத்தி நாடு முழுவதும் உள்ள தீக்காயப் பிரிவுகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். 28 பேர் ராயல் பெர்த் மருத்துவமனைக்குப் போனார்கள். 2 சதவீதத்திலிருந்து 92 சதவீதம் வரை வெந்தவர்கள். அங்கே இருந்தவர் ஃபியோனா வுட் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்.

ஃபியோனா வுட்டைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். தீக்காயத்தில் முதல் இரண்டு மூன்று நாள் தாண்டியவரைக் கொல்வது கிருமி. தோல் என்கிற கதவு இல்லாத உடம்புக்குள் எல்லாக் கிருமியும் வரும். அதனால் எவ்வளவு சீக்கிரம் மூடுகிறோமோ அவ்வளவு நல்லது. வழக்கமாக வேகாத தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து, சல்லடைபோலத் துளையிட்டு விரித்து, வெந்த இடத்தில் ஒட்டுவார்கள். முக்கால் உடம்பு வெந்தவருக்குச் சீவ இடம் ஏது? தோல் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துத் தாளாக்குவது அப்போதே இருந்தது, அதற்கு மூன்று வாரம் ஆகும். ஃபியோனா வுட்டும் விஞ்ஞானி மேரி ஸ்டோனரும் 1990களில் இந்தக் காலத்தைச் சுருக்கினார்கள். நோயாளியின் தோலில் ஒரு சிறு துண்டை எடுத்து, செல்களைப் பிரித்து வளர்த்து, தாளாக ஆகும்வரை காத்திராமல் நீர்மமாக இருக்கும்போதே புண்ணின் மேல் தெளிப்பது. மூன்று வாரம் ஐந்து நாளானது. பாலியிலிருந்து வந்தவர்களுக்கு இந்தத் தெளிப்புத் தோல் பயன்பட்டபோதுதான் உலகம் முழுவதும் அதன் பெயர் தெரிந்தது. 2005-ல் அவரை அந்த ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியராக அறிவித்தார்கள். தோல் வங்கிக்கும் வாழை இலைக்கும் நடுவில் வேலை பார்த்த எனக்கு, அந்த ஐந்து நாளின் அருமை நன்றாகத் தெரியும். புண்ணை மூட வாழை இலை என்று சொன்னால் இளம் மருத்துவர்கள் வியப்பார்கள். ஒட்டாது, குளிர்ச்சி, கழற்றும்போது புதுத் தோலைப் பிய்க்காது. விலை எத்தனையோ மடங்கு கூடுதலான பல கட்டுத்துணிகளுக்கு அந்தக் குணம் கிடையாது.

சங்லாவில் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. பிணவறையில் இடம் இல்லாமல் உடல்களை வெளித் தாழ்வாரத்தில் வரிசையாக வைத்து, மேலே ஐஸ் கட்டிகளைக் கொட்டினார்கள். தூர தேசங்களிலிருந்து பெற்றோர் வந்து சேர்ந்தார்கள். முதலில் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்லச் சொன்னார்கள். மோதிரம், பச்சை குத்தியது, செருப்பு. சில உடல்கள் மாறிப்போயின. அதன்பின் பல்வரிசை, கைரேகை, மரபணு மூன்றில் ஒன்று பொருந்தினால் மட்டுமே கொடுப்பது என்று கண்டிப்பாக்கினார்கள். மகனின் உடல் அந்த அறையில்தான் இருக்கிறது என்று தெரிந்தும் நாள்கணக்கில் காத்திருந்த பெற்றோருக்குக் கோபம் வந்தது. அவர்கள் கோபம் நியாயமானது, அதிகாரிகள் பிடிவாதமும் நியாயமானது. வெந்த முகத்தைப் பார்த்துப் பெற்ற தாயே தவறாகச் சொல்வாள். எங்கள் வார்டில் உயிரோடு இருப்பவர்களிடமே அது நடக்கும். வீக்கம் வடிந்த மூன்றாம் நாள்தான் "இது எங்க அண்ணன் இல்ல" என்பார்கள். பாலியில் மூன்று உடல்கள் யாருடையவை என்று கடைசிவரை தெரியவில்லை. அங்கேயே தகனம் செய்தார்கள்.

பிடிபட்டவர்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெடித்த வேனின் எஞ்சின் எண், சேசிஸ் எண்ணையெல்லாம் குண்டு வைத்தவர்கள் அராவி அழித்திருந்தார்கள். ஆனால் அது ஒரு காலத்தில் பயணிகளை ஏற்றிய வண்டி. அதற்காகப் பொறித்த வேறோர் எண் இரும்புத் துண்டில் மிச்சம் இருந்தது. மங்கு பஸ்திகா தலைமையிலான விசாரணைக் குழு அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கைமாறிய உரிமையாளர்கள் வழியாகக் கிழக்கு ஜாவாவின் தெங்குலுன் கிராமத்துக்குப் போய், நவம்பர் 5-ம் தேதி அம்ரோசி என்ற மெக்கானிக்கைக் கைது செய்தது. ஜெமா இஸ்லாமியா என்ற இயக்கத்தின் ஆட்கள் ஒவ்வொருவராகச் சிக்கினார்கள். அம்ரோசி, அவன் அண்ணன் அலி குஃப்ரோன், இமாம் சமுத்ரா மூவரும் 2008 நவம்பர் 9 அன்று நுசகம்பங்கான் தீவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்னொரு சகோதரன் அலி இம்ரோன் குற்றத்துக்கு வருந்தி ஆயுள் தண்டனை பெற்றான். குண்டு தயாரிப்பில் பங்கு பெற்ற உமர் பாதேக், பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் 2011-ல் பிடிபட்டு, 20 ஆண்டு சிறைத் தண்டனை பெற்று, 2022 டிசம்பரிலேயே பரோலில் வெளியே வந்தான். அன்று அந்தச் செய்தியைப் படித்த, உடம்பெல்லாம் தழும்போடு இருப்பவர்களின் மனது என்ன பாடுபட்டிருக்கும்! வழக்கு நடந்த காலம் முழுவதும் பத்திரிகைகள் அம்ரோசியின் சிரித்த முகத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டன. அந்த இடத்தில் ஒரு வார்டு நர்சின் முகத்தைப் போட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

பாலிக்காரர்கள் அன்று நடந்துகொண்ட விதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். தீவில் பெரும்பான்மை இந்துக்கள். குண்டு வைத்தவர்கள் முஸ்லிம்கள் என்று தெரிந்த பிறகும் அங்கே கலவரம் வெடிக்கவில்லை. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி உடுத்திய பெசாலாங் என்கிற ஊர்க்காவலர்கள் தெருவில் நின்றார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஆட்களை அடக்கிவைத்தார்கள். முதல் ராத்திரி எரிகிற விடுதியிலிருந்து ஆட்களை இழுத்துப் போட்டவர்களில், சாலையை ஒழுங்குபடுத்தி ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். நவம்பர் 15 அன்று அந்த இடத்தில் பெரிய சுத்திச் சடங்கு நடத்தி, அகால மரணம் அடைந்த எல்லா உயிர்களுக்கும், எந்த மதம் என்று பாராமல், வழிகாட்டினார்கள். நாம் எங்கே தவறினோம், எந்தச் சமநிலை குலைந்தது என்று அவர்களில் பலர் தங்களைத்தான் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி பல வீடுகளைக் காப்பாற்றியது.

பணி ஓய்வுக்குப் பிறகு, மகளும் மருமகனும் குழந்தைகளோடு பாலிக்குப் போனபோது என்னையும் அழைத்துப் போனார்கள். இப்போது பாலிக்குப் போகிற வெளிநாட்டவரில் ஆஸ்திரேலியர்களுக்கு அடுத்து இந்தியர்கள்தான். தேனிலவுப் படங்களில் பார்த்துப் பார்த்து அந்த ஊர் நமக்குப் பழகிவிட்டது. லெகியான் சாலை நெருக்கமான சாலை. இரண்டு கார் எதிரெதிரே வந்தால் பைக்குகள் நடைபாதையில் ஏறும். பேடிஸ் பப் இருந்த இடத்தில் நினைவுச் சின்னம். 2004 அக்டோபர் 12-ல் திறந்தது. செதுக்கிய கல், நடுவில் பெயர்ப் பலகை, நாடு நாடாகப் பெயர்கள். ஆஸ்திரேலியா 88 பேர், இந்தோனேசியா 38 பேர். டாக்ஸி ஓட்டிவந்த பெரியவர் என்னை "இபு" (அம்மா) என்று கூப்பிட்டு, படியில் ஏற உதவினார். என் பேத்தி பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தாள். நான் அந்த 38 பெயர்கள் முன்னால் நின்றேன்.

சாரி கிளப்பில் உள்ளூர்க்காரர்களை விருந்தினராக உள்ளே விட்டதில்லை. அப்படியென்றால் அந்த 38 பேர் யார்? கோப்பை கழுவியவர்கள், பரிமாறியவர்கள், பாதுகாவலர்கள், வெளியே சவாரிக்குக் காத்திருந்த டிரைவர்கள், சாலையோரம் வியாபாரம் செய்தவர்கள், தற்செயலாக அந்த வழியாகப் போனவர்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள். பலர் ஜாவாவிலிருந்தும் மற்ற தீவுகளிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். அவர்கள் வீட்டில் பெரும்பாலும் ஒரே சம்பாத்தியம். குண்டு வெடித்த மாதத்திலேயே சுற்றுலாப் பயணிகள் வருவது நின்று ஓட்டல்கள் காலியாயின; விதவையான பெண்ணுக்கு வீட்டு வேலை, துணி துவைக்கிற வேலைகூடக் கிடைக்காத நேரம் அது. 2003-ல் நேராகப் பாலிக்கு வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கை 10 லட்சத்துக்குக் கீழே போனது. மெல்ல ஏறிவந்தபோது, 2005 அக்டோபர் 1 அன்று ஜிம்பரான் கடற்கரை உணவகங்களிலும் கூட்டாவிலும் மறுபடி குண்டுகள் வெடித்து 20 பேரைக் கொன்றன. பாலி வழக்கப்படி குழந்தைகள் தகப்பன் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். மறுமணம் செய்தாலோ, பிறந்த வீடு போனாலோ பிள்ளையை விட்டுவிட்டுப் போக வேண்டிவரும். அதனால் பல பெண்கள் தனியாகவே இருந்து தையல் கற்று, சின்ன வேலைகள் பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார்கள். குண்டுவெடிப்புக்குப் பின் அங்கேயே தொடங்கிய இபு பெர்திவி அறக்கட்டளை அந்தப் பிள்ளைகளில் பலரின் படிப்புச் செலவை ஏற்றது.

காயத்தோடு பிழைத்தவர்கள் பெயர் கல்லில் இல்லை. தீக்காயம் ஆறிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்புகிற நாளில்தான் அவர்களுக்கு அடுத்த கஷ்டம் தொடங்குகிறது. ஆறிய தோல் தடித்துச் சுருங்கும். கழுத்து நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். முழங்கை மடங்கியபடியே நின்றுவிடும். கண் இமை இழுத்துக்கொண்டு தூங்கும்போதும் மூடாது. அதைத் தடுக்க, உடம்போடு இறுகப் பிடிக்கிற அழுத்த உடையை ஒரு நாளில் 23 மணி நேரம், ஒரு வருடமோ அதற்கும் மேலேயோ போட வேண்டும். புழுக்கமான ஊரில் அது என்ன பாடு என்று சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெந்த தோலில் வியர்வைச் சுரப்பி இல்லாததால் உடம்புச் சூடு வெளியேறாது. அரிப்பு தூங்கவிடாது. வெயில் பட்டால் கறுக்கும். வளர்கிற வயதுப் பிள்ளை என்றால் உடம்பு வளரும், தழும்பு வளராது. சில வருடங்களுக்கு ஒரு முறை மறுபடி அறுவை சிகிச்சை. காதுச் சவ்வு கிழிந்தவர்களுக்குக் கேட்கிற சக்தி குறைந்து, ஓயாமல் ரீங்காரம் கேட்கும். சைக்கிள் டயர் வெடித்தாலும் தரையில் படுப்பார்கள். உடம்பில் தங்கிய இரும்புத் துகள் பத்து வருடம் கழித்துத் தோலுக்கு அடியில் வந்து தட்டுப்படும். இதெல்லாம் நான் வார்டில் கண்ட விஷயங்கள். பாலியில் பிழைத்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

இந்தச் சோகத்திலிருந்து மற்றவர்களுக்குக் கிடைத்ததும் உண்டு. அந்த ராத்திரி டார்வின் மருத்துவமனை செய்த வேலையைப் பார்த்து, பேரிடர் நேரத்தில் ஓடிப்போய் உதவ அங்கே ஒரு தேசிய மையத்தை ஆஸ்திரேலிய அரசு அமைத்தது. 2009-ல் அகதிகளை ஏற்றிவந்த படகு ஆஷ்மோர் பவளப்பாறை அருகே வெடித்துப் பலர் வெந்தபோது, ஆஃப்கானிஸ்தான்காரர்களான அவர்களில் பலரைக் கவனித்ததும் டார்வின் மருத்துவமனைதான். சங்லாவின் தீக்காயப் பிரிவை மேம்படுத்தப் பணம் வந்தது. டென்பசாரில் 2007-ல் நினைவாக ஒரு கண் மருத்துவமனையும் திறந்தார்கள். அம்ரோசியின் ஊரான தெங்குலுனில் அவனுடைய சகோதரர் அலி ஃபௌஸி, ஒரு காலத்தில் குண்டு செய்யக் கற்றுக்கொடுத்தவர், இப்போது சிறையிலிருந்து வருகிறவர்களை வன்முறையிலிருந்து மீட்க ஓர் அறக்கட்டளை நடத்துகிறார். பாதிக்கப்பட்டவர்களில் சிலர் அங்கே வந்து, பழைய போராளிகளின் எதிரில் உட்கார்ந்து, தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். தழும்பைக் காட்டிப் பேசுகிற துணிச்சல் எனக்கு வராது. மன்னிக்காதவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

நிவாரணம் என்று பார்த்தால், ஆரம்பத்தில் கிடைத்ததில் பெரும்பகுதி நன்கொடை. இந்தோனேசிய அரசு தன் கடமையாக இழப்பீடு கொடுப்பதற்கான சட்டம் 2018-ல்தான் வந்தது. பழைய தாக்குதல்களில் பாதிக்கப்பட்டவர்களும் கேட்கலாம் என்று அதில் இடம் கொடுத்தார்கள். 2020 டிசம்பரில் அதிபர் ஜோகோ விடோடோ, பல்வேறு தாக்குதல்களைச் சேர்ந்த 215 பேருக்கு அந்தத் தொகையை வழங்கினார். இறந்தவர் குடும்பத்துக்கு 25 கோடி ரூபியா. நம் பணத்தில் பதின்மூன்று லட்சத்தையொட்டி வரும். பலத்த காயம், நடுத்தரக் காயம், லேசான காயம் என்று மற்றவர்களுக்குத் தொகை குறையும். பாலி குண்டு வெடித்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆனால் அந்தச் சட்டம், பழைய சம்பவங்களுக்கு மூன்று ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும் என்று கெடு வைத்திருந்தது. 2021 ஜூனோடு கதவு சாத்தியாயிற்று. பாதிக்கப்பட்டவர் என்று பயங்கரவாதத் தடுப்பு முகமையிடம் சான்று வாங்க வேண்டும், மருத்துவக் குறிப்புகள் வேண்டும். இருபது வருடத்துக்கு முன் தரையில் படுக்கவைத்துச் சிகிச்சை பெற்றவர், வேறு தீவுக்குத் திரும்பிப் போய்விட்ட கூலித் தொழிலாளி, அந்தக் காகிதத்துக்கு எங்கே போவார்? பலருக்குச் சட்டம் வந்ததே தெரியாது. விட்டுப்போனவர்கள் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 ஆகஸ்டில் நீதிபதிகள் மூன்று ஆண்டு என்பதைப் பத்து ஆண்டு என்று மாற்றினார்கள்.

எங்கள் ஊரில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று உண்டு, ஏ.ஆர். காப்பி என்பார்கள். நோயாளி வந்த நேரம், என்ன நடந்தது என்று அவர் சொன்னது, எங்கே எத்தனை சதவீதம், யார் கொண்டுவந்தது, எல்லாம் அதில் ஏறும். எத்தனை நெருக்கடியிலும் அதை எழுதாமல் விடக் கூடாது என்று எனக்குப் பின் வந்த பெண்களிடம் கண்டிப்பாக இருந்தேன். எரிச்சல்கூடப் பட்டிருக்கிறார்கள். வருடங்கள் கழித்து நீதிமன்றத்திலும் காப்பீட்டு அலுவலகத்திலும் அந்த ஒரு வரியைத் தேடி வந்த குடும்பங்களைப் பார்த்தவள் என்பதால் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அக்டோபர் 12 ராத்திரி சங்லாவில் பெயர்களை எழுதிச் சுவரில் ஒட்டியவர்கள் செய்ததும் அதே வேலைதான். அந்தத் தாள்களோ, அவற்றிலிருந்து பதிவேட்டில் ஏற்றிய வரிகளோ யாரிடமாவது பத்திரமாக இருந்தால், அவற்றை வைத்து மனு கொடுக்க 2028 ஜூன் வரை அவகாசம் இருக்கிறது.